பெடல் வாங்காமலே பெடல் ஒலி: கணினியில் கிட்டார் எஃபெக்ட்ஸ் தொடங்குவோருக்கு

"பிளக்இன் பெடல் எல்லாம் பொம்மை மாதிரி ஒலிக்கிறது, நிஜப் பெடல்தான் நிஜம்." சென்னையில் புதிதாக எலெக்ட்ரிக் கிட்டார் பிடித்தவர்களிடம் இந்தப் பேச்சை அடிக்கடிக் கேட்கிறேன். பெடல் என்பது கிட்டாரின் ஒலியை மாற்ற, காலால் மிதித்து இயக்கும் சின்னப் பெட்டி; பிளக்இன் அதே வேலையைக் கணினிக்குள் செய்யும் மென்பொருள். அவர்கள் கேட்ட ஒலி மோசமாக இருந்தது உண்மைதான். ஆனால் பெரும்பாலும் குற்றம் அந்தப் பெடலில் இல்லை. அதற்கு முன்னால் கிட்டாரை எப்படிச் செருகினார்கள், பின்னால் ஸ்பீக்கர் என்று ஒன்று இருந்ததா என்பதில்தான் கோளாறு. நிஜப் பெடல் ஒருபோதும் தனியாக வேலை செய்வதில்லை. ஒரு பக்கம் கிட்டார், மறு பக்கம் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), அதன் பின்னே மரப்பெட்டிக்குள் ஸ்பீக்கர். பிளக்இன் உங்களுக்குத் தருவது நடுவில் உள்ள அந்தச் சின்னப் பெட்டியை மட்டும். மற்ற இரண்டையும் நீங்கள்தான் அமைக்க வேண்டும். அதை ஒழுங்காகச் செய்தால் இலவசப் பிளக்இன்னிலேயே மணிக்கணக்கில் சுகமாக வாசிக்கலாம். எப்படி என்று வரிசையாகப் பார்ப்போம்.

என்னென்ன வேண்டும்

கிட்டார், கணினி, ஹெட்ஃபோன் மூன்றும் ஏற்கெனவே இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். வாங்க வேண்டியது ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ். கிட்டாரின் மின்னோசையை எண்களாக மாற்றி யூஎஸ்பி வழியாகக் கணினிக்கு அனுப்பும் சின்னப் பெட்டி அது. இரண்டு இன்புட் உள்ள சாதாரண மாடல் போதும். வாங்கும் முன் ஒன்றை மட்டும் பாருங்கள்: அதில் 'இன்ஸ்ட்' அல்லது 'ஹை-இசட்' என்று குறித்த பட்டனோ இன்புட்டோ இருக்க வேண்டும். கம்பியின் அசைவை மின்சாரமாக்கும் கிட்டாரின் பிக்கப் பலவீனமான சிக்னலைத் தரும். அதைக் கிட்டத்தட்ட 1 மெகா ஓம் மின்மறுப்புள்ள இன்புட்டில்தான் செருக வேண்டும். சாதாரண லைன் இன்புட்டில் செருகினால் உச்சத்தில் (ட்ரெபிளில்) உள்ள பளபளப்பு மங்கிப்போய், போர்வைக்குள் இருந்து வாசிப்பதுபோல் கேட்கும். அப்புறம் எந்தப் பிளக்இன் போட்டாலும் அந்தப் பளபளப்பு திரும்பாது.

கேபிள் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மவுன்ட் ரோட்டில் இருக்கும், 1842இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் போன்ற இசைக் கடைகளில் கிட்டார் கேபிள் கிடைக்கும். நீங்களே சால்டரிங் செய்பவர் என்றால் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய் பி-38 மோனோ பின் (கிட்டாரில் செருகும் கால் அங்குல பின்) என்று கேளுங்கள். ஷீல்டு உள்ள ஒயரும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். மூன்று மீட்டர் போதும். நீளம் கூடக்கூட உச்ச ஒலி குறையும்.

மென்பொருளில் முதலில் வேண்டியது, பிளக்இன்னைத் தாங்கி நிற்கும் ஒரு ரெக்கார்டிங் மென்பொருள். மேக் இருந்தால் காரேஜ்பேண்ட் இலவசம்; அதற்குள்ளேயே பெடல்களும் ஆம்ப்களும் இருக்கின்றன. விண்டோஸ் என்றால் ரீப்பரைச் சொல்வேன். 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர். பழைய லேப்டாப்பிலும் மூச்சு வாங்காமல் ஓடும்.

விரலுக்கும் காதுக்கும் நடுவே உள்ள தாமதம்

கம்பியைத் தட்டிய பிறகு ஒலி மெதுவாக வந்தால் வாசிக்கவே முடியாது. இந்தத் தாமதத்துக்கு லேட்டன்சி என்று பெயர். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளர் தரும் அசியோ டிரைவரை நிறுவி, ரெக்கார்டிங் மென்பொருளின் ஆடியோ அமைப்பில் அதையே தேர்ந்தெடுங்கள். இன்டர்ஃபேஸுக்கு என்று தனி டிரைவர் இல்லாவிட்டால் அசியோ4ஆல் என்ற இலவச டிரைவர் ஓரளவு கைகொடுக்கும். மேக்கில் இந்த வேலையே இல்லை.

பிறகு பஃபர் அளவு, அதாவது கணினி ஒரு தடவையில் சேர்த்து எடுக்கும் ஒலித் துண்டின் நீளம். 48,000 ஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்றால் ஏறத்தாழ 2.7 மில்லி செகண்ட். 1,024 என்றால் 21 மில்லி செகண்டுக்கு மேல். உள்ளே வர ஒரு முறை, வெளியே போக ஒரு முறை என்று இது இரண்டு முறை சேரும், இன்டர்ஃபேஸ் எடுக்கும் நேரமும் கூடும். 128இல் தொடங்குங்கள். 'டப் டப்' என்று வெடித்தால் 256க்கு ஏற்றுங்கள். ஒலி காற்றில் ஒரு மீட்டர் வர ஏறக்குறைய 3 மில்லி செகண்ட் ஆகும். அறையின் மறுமூலையில் இருக்கும் ஆம்பைக் கேட்டு வாசிப்பவருக்கும் இந்த அளவு தாமதம் உண்டு. ஆகவே மொத்தம் பத்து மில்லி செகண்டுக்குள் வந்துவிட்டால் அந்த எண்ணை மறந்துவிட்டு வாசியுங்கள்.

இன்டர்ஃபேஸில் 'டைரக்ட் மானிட்டர்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் பிளக்இன் ஒலியோடு எஃபெக்ட் இல்லாத கிட்டாரும் சேர்ந்து கேட்கும்.

உள்ளே எவ்வளவு அனுப்புவது

பலரும் அரை நிமிடத்தில் தாண்டிப் போகும் இடம் இது. நான் கொஞ்சம் நிற்கப்போகிறேன், ஏனென்றால் பெடல் பெடல் மாதிரி ஒலிப்பதும் ஒலிக்காததும் இங்கேதான் முடிவாகிறது.

ஈக்வலைசருக்குச் சிக்னல் கூடுதலாகப் போனால் அதே ஒலி சத்தமாக வெளியே வரும், அவ்வளவுதான். ஒலியை உடைத்துச் சொரசொரப்பாக்கும் ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், ஃபஸ் பெடல்கள் அப்படி இல்லை. சிக்னல் கூடினால் ஒலியின் குணமே மாறும். நிஜப் பெடலுக்குள் கிட்டாரிலிருந்து வருவது சில நூறு மில்லி வோல்ட். பிளக்இன்னுக்கு வோல்ட் தெரியாது, எண்தான் தெரியும். எந்த எண் எத்தனை வோல்ட் என்பதை எழுதியவர் ஊகித்து வைத்திருப்பார். அந்த ஊகம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதனால் கையேட்டில் இன்புட் அளவு பற்றி ஒரு வரி இருந்தால் அதைத்தான் முதலில் பின்பற்ற வேண்டும்.

அப்படி எதுவும் சொல்லவில்லை என்றால் இப்படிச் செய்யுங்கள். பிக்கப் சுவிட்சை நீங்கள் அதிகம் பயன்படுத்தும் பக்கம் வைத்து, கிட்டாரின் வால்யூமை முழுதாகத் திறந்து, ஆறு கம்பியையும் உங்களால் முடிந்த அளவு ஓங்கி அடியுங்கள். மீட்டரின் உச்சி மைனஸ் 12 டெசிபலைத் தொடும்படி இன்டர்ஃபேஸின் கெயினை வையுங்கள். சிவப்பு ஒருபோதும் எரியக்கூடாது. அங்கே உடைவது பெடலின் இனிமையான உடைப்பு அல்ல, வெறும் கரகரப்பு.

அடுத்தது காதால் ஒரு சோதனை. ஓவர்டிரைவ் பெடலைப் போட்டு, டிரைவ் நாபை (திருகும் குமிழை) சுத்தமாகக் குறைத்துவிடுங்கள். மெதுவாகத் தடவினால் ஏறக்குறைய தெளிவாகவும், அழுத்தி அடித்தால் ஓரத்தில் லேசாகச் சொரசொரப்பாகவும் கேட்க வேண்டும். மெதுவாகத் தொட்டாலே உடைந்தால் உள்ளே போவது அதிகம். பிளக்இன்னின் இன்புட் நாபைக் குறையுங்கள். ஓங்கி அடித்தும் எதுவும் நடக்கவில்லையா, ஏற்றுங்கள். விரலின் அழுத்தம் ஒலியில் தெரியத் தொடங்கிய இடத்தில் நிறுத்தி, அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதே கிட்டாருக்கு இனி அதுதான் அளவு.

ங்ங்ங் என்ற இரைச்சல்

சென்னை வீட்டில் இது இல்லாமல் இருக்காது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் மடங்குகளான 100, 150 எல்லாம் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்பில் ஏறி உட்காரும். டிஸ்டார்ஷன் போட்டதும் பத்து மடங்காகத் தெரியும்.

முதலில் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் பாதியாகக் குறைந்தால் எர்த் பிரச்சினை. எர்த் உள்ள மூன்று பின் பாயிண்டில் சார்ஜரை மாட்டுங்கள், அல்லது பேட்டரியிலேயே வாசியுங்கள். பேட்டரியில் ஓடும்போது விண்டோஸ் தானாக வேகத்தைக் குறைக்கும், அதனால் ஒலி வெடிக்கும். பவர் அமைப்பில் முழு வேகத்தைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். கரண்ட் போனாலும் யூஎஸ்பியிலேயே ஓடும் இன்டர்ஃபேஸ் நிற்காது என்பது இதில் கிடைக்கும் கூடுதல் சௌகரியம்.

அடுத்த சந்தேகம் ஃபேன் ரெகுலேட்டர். வழுவழுவென்று சுற்றும் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் பலவும் நடு வேகத்தில் மின்னலையை வெட்டி அனுப்பும். அந்த வெட்டு பிக்கப்பில் 'ஜ்ஜ்ஜ்' என்று கேட்கும். ஃபேனை முழு வேகத்தில் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். மே மாதத்தில் ஃபேனை அணைத்துவிட்டு வாசியுங்கள் என்று யாரும் சொல்ல முடியாது. நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பாருங்கள். ஏதோ ஒரு கோணத்தில் இரைச்சல் நன்றாக இறங்கும், அங்கேயே உட்காருங்கள். மிச்சத்துக்கு, வாசிக்காதபோது ஒலியை மூடிவிடும் நாய்ஸ் கேட் பிளக்இன்னை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் போடலாம். ஸ்வரம் தேய்ந்து மறையும்போது வாலை அறுத்துவிடாத அளவுக்கு இளக்கமாக வையுங்கள்.

ஆம்பும் கேபும்

கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக மங்கிவிடும். டிஸ்டார்ஷன் பெடலோ அதற்கு மேலும் ஏராளமான ஒலியை உண்டாக்கும். நிஜ வாழ்க்கையில் ஸ்பீக்கர் அதை வடிகட்டிவிடுகிறது. பெடல் பிளக்இன்னை நேராக ஹெட்ஃபோனில் கேட்டால் வடிகட்ட ஆளில்லை, காதுக்குள் ஈ பறக்கும். "பொம்மை மாதிரி" என்ற தீர்ப்பு பெரும்பாலும் இங்கேதான் எழுதப்படுகிறது.

எனவே பெடலுக்குப் பின்னால் ஒரு ஆம்ப் பிளக்இன், அதற்குப் பின்னால் ஒரு கேப் (கேபினெட், அதாவது ஸ்பீக்கர் பெட்டி). கணினியில் கேப் என்பது பெரும்பாலும் ஐஆர் எனப்படும் ஒரு சிறிய ஒலிக்கோப்பு. ஒரு ஸ்பீக்கரும் அதன் முன் வைத்த மைக்கும் சேர்ந்து ஒலியை எப்படி மாற்றும் என்பது அதில் பதிவாகியிருக்கும். அதைத் திறக்க இக்னைட் ஆம்ப்ஸின் நேடிஐஆர் இலவசமாகக் கிடைக்கிறது. தனித்தனியாகச் சேர்ப்பது தலைவலி என்றால், நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் கிட்டார் ரிக் பிளேயர் அல்லது ஆம்ப்ளிட்யூபின் இலவசப் பதிப்பு போடுங்கள். ஆம்பும் கேபும் உள்ளேயே இருக்கும். தொடங்கும்போது ஆம்பைத் தெளிவான ஒலியில், உடையும் விளிம்புக்குச் சற்று முன் வைத்து, இனி அதைத் தொடாதீர்கள். பெடலைப் படிக்க வேண்டுமானால் மற்றது எல்லாம் அசையாமல் இருக்க வேண்டும்.

முதல் பெடல்: டியூப் ஸ்க்ரீமர்

ஒரே ஒரு பெடலோடு தொடங்குங்கள். பிளக்இன் இலவசம் என்பதால் முதல் வாரத்திலேயே நாற்பது பெடலை இறக்கி, ஒன்றையும் தெரிந்துகொள்ளாமல் இருப்பவர்கள் அதிகம். என் தேர்வு ஐபனேஸ் டியூப் ஸ்க்ரீமர் என்ற ஓவர்டிரைவ் பெடல். டிஎஸ்808 மாடல் 1970களின் கடைசியிலும், டிஎஸ்9 1982லும் வந்தன. அதன் இலவச நகல்களும் நிறைய: டிஎஸ்இ 808, இக்னைட் ஆம்ப்ஸின் டிஎஸ்-999 என்று. விண்டோஸில் விஎஸ்டி3 வகைக் கோப்பு என்றால், சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸ், அதற்குள் காமன் ஃபைல்ஸ், அதற்குள் விஎஸ்டி3 என்ற ஃபோல்டரில் அதைப் போட்டு, ரெக்கார்டிங் மென்பொருளில் மறுபடி ஸ்கேன் கொடுங்கள். 32 பிட், 64 பிட் என்று இரண்டு இருந்தால் 64.

மூன்றே நாப்: ஓவர்டிரைவ், டோன், லெவல். உள்ளே சிக்னலைப் பெருக்கும் 4558 வகை ஆப்-ஆம்ப் சிப். அதன் பின்னூட்டப் பாதையில் அலையின் உச்சியை வெட்டும் டயோடுகள். இந்த அமைப்பில் டயோடு வெட்டிய ஒலியோடு வெட்டப்படாத அசல் ஒலியும் கலந்தே வெளியே வருகிறது. பிக்கின் தொடுகை மறையாமல் இருப்பது அதனால்தான். இன்னொன்று, சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலிக்கு இந்தச் சுற்று கெயினைக் குறைத்துவிடும். தடித்த கம்பிகள் குழம்பாமல் நடு ஒலி முன்னே வருவது இப்படி. தனியாகக் கேட்டால் "பேஸ் போயிடுச்சே" என்று தோன்றும். டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் உள்ள ஒரு பேக்கிங் டிராக்கோடு வாசித்துப் பாருங்கள், கிட்டார் தனக்கென்று ஓர் இடம் பிடித்து நிற்கும்.

இரண்டு விதமாக வைத்துப் பாருங்கள். ஒன்று, ஓவர்டிரைவ் நடுவில், லெவல் நடுவில்: பெடலே உடைக்கிறது. இரண்டு, ஓவர்டிரைவ் ஏறக்குறைய பூஜ்யம், லெவல் முக்கால்வாசிக்கு மேல்: பெடல் தள்ள, ஆம்ப் உடைகிறது. இரண்டாவதுதான் இந்தப் பெடலைப் பெரும்பாலான வாசிப்பாளர்கள் நேசிக்கும் காரணம். பெடலைப் போட்டும் அணைத்தும் ஒப்பிடும்போது முதல் அமைப்பில் சத்தம் இரண்டிலும் சமமாக இருக்கட்டும். சத்தம் கூடியதை எல்லாம் காது "நல்லா இருக்கு" என்று சொல்லிவிடும்.

கையில் இது பழகியதும் ரேட் (RAT) என்ற டிஸ்டார்ஷன் பெடலுக்குப் போகலாம். அமெரிக்காவின் கலமசூ நகரில் புரோகோ நிறுவனம் 1970களின் இறுதியில் செய்த பெடல். இதில் டயோடுகள் பின்னூட்டத்தில் இல்லை, ஆப்-ஆம்புக்குப் பிறகு சிக்னலைத் தரைக்கு இழுக்கின்றன. வெட்டு கடுமையானது, ஒலி தடிமனானது. ஃபில்டர் நாப் தலைகீழ். வலப்பக்கம் திருப்பத் திருப்ப உச்சம் குறையும். பிளக்இன் நகல்களிலும் அப்படியே வைத்திருப்பார்கள், பயப்பட வேண்டாம்.

ஃபஸ் ஃபேஸ் (Fuzz Face) என்ற ஃபஸ் பெடல் 1966இல் வந்தது. ஆரம்ப மாடல்களில் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர். சூட்டில் அதன் குணம் மாறும். நம் ஊர்க் கோடையில் மாலைக் கச்சேரிக்கு வைத்த அளவு மதிய ஒத்திகைக்குப் பொருந்தாது. பிளக்இன்னில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஒரு நஷ்டமும் உண்டு. நிஜ ஃபஸ் ஃபேஸ் பிக்கப்போடு மின்சார ரீதியாகப் பிணைந்திருக்கும். கிட்டார் வால்யூமைக் கொஞ்சம் குறைத்தாலே ஒலி அழகாகத் தெளியும். பிளக்இன்னுக்கும் பிக்கப்புக்கும் நடுவில் இன்டர்ஃபேஸ் நிற்பதால் அந்தப் பிணைப்பு அறுந்துவிடுகிறது; சில பிளக்இன்கள் அதைக் கணக்கிட்டு ஈடுசெய்யப் பார்க்கின்றன. ஃபஸ்ஸுக்காகவே வாழ்பவர் என்றால் என்றாவது ஒரு நிஜப் பெடலை வாங்கிவிடுங்கள். மற்ற பெடல்களுக்கு நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

டிஸ்டார்ஷன் பிளக்இன் எதுவானாலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்: முதல் கம்பியில் பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு மேலே ஒரு ஸ்வரத்தை எடுத்து மெதுவாக மேலே இழுங்கள். ஸ்வரம் ஏறும்போது பின்னணியில் ஏதோ ஒரு மெல்லிய விசில் கீழே இறங்கினால் அது அலியாசிங். எண்களாக மாற்றியதால் வரும் அழுக்கு, நிஜப் பெடலில் கிடையாது. அமைப்பில் ஓவர்சாம்பிளிங் என்று இருக்கும். 4 மடங்கு வைத்தால் பெரும்பாலும் போய்விடும். கணினிக்குச் சுமை கூடும் என்பதால் வாசிக்கும்போது 2, கடைசியாகக் கோப்பாக எடுக்கும்போது 4 அல்லது 8.

நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவசப் பிளக்இன் பற்றியும் கேள்விப்படுவீர்கள். நிஜப் பெடலுக்குள்ளோ ஆம்புக்குள்ளோ ஒரு ஒலியை அனுப்பி, வெளியே வந்ததை நரம்பு வலையமைப்புக்குக் கற்றுக்கொடுத்து எடுத்த பிரதிகள் அதில் ஓடும். துல்லியம் வியக்க வைக்கும். ஆனால் ஒரு பிரதி என்பது பெரும்பாலும் நாப்கள் ஒரே நிலையில் இருந்தபோது எடுத்தது. திருப்பிப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. ஆகவே தொடக்கத்துக்கு நாப் உள்ளதே நல்லது.

சுழலும் பெடல்கள், டிலே

ஒலியைச் சுழல வைக்கும் ஃபேஸர் பெடலான எம்எக்ஸ்ஆர் ஃபேஸ் 90 (Phase 90) 1974இல் வந்தது, ஒரே நாப், ஸ்பீடு. விளக்கமே வேண்டாம், மெதுவாக வைத்து வாசியுங்கள். ஒரு கிட்டாரைப் பல கிட்டார்போல் ஒலிக்க வைக்கும் கோரஸில் முதல் பெடல் பாஸ் (Boss) நிறுவனத்தின் சிஇ-1, 1976. ரோலண்ட் ஜேசி-120 ஆம்பில் இருந்த கோரஸைத் தனியாகப் பெட்டியில் அடைத்தது. கோரஸ் பிளக்இன்னை ஸ்டீரியோ டிராக்கில் போடுங்கள், மோனோவில் அதன் பாதி அழகு காணாமல் போகும்.

எதிரொலி தரும் அனலாக் டிலே பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல ஆசை. இதற்குள் இருப்பது பிபிடி சிப். நெருப்பை அணைக்க வரிசையில் நின்று வாளி கைமாற்றுவதுபோல, மின்னூட்டத்தை ஒரு கொள்ளளவியிலிருந்து அடுத்ததற்கு ஒரு கடிகாரத் துடிப்பு தள்ளிக்கொண்டே போகும். தாமதம் நீள வேண்டுமானால் துடிப்பு மெதுவாக வேண்டும். துடிப்பு மெதுவானால் உச்ச ஒலியை வெட்டியாக வேண்டும். அனலாக் டிலேயின் எதிரொலி மங்கலாக, வாசிப்பவர் வழியில் குறுக்கிடாமல் பின்னே நிற்பதற்குக் காரணம் இதுதான். பாஸ் டிஎம்-2, 1981, அதிகபட்சம் 300 மில்லி செகண்ட்.

இதைத் தாளத்தோடு பொருத்துவது நமக்கு எளிது. 60,000ஐ நிமிடத்துக்கு எத்தனை அட்சரம் என்பதால் வகுங்கள். காலப்பிரமாணம் 80 என்றால் ஓர் அட்சரம் 750 மில்லி செகண்ட். திஸ்ர நடையில் ஒரு மாத்திரை 250. 300க்குள் அடங்குகிறது, பழைய பெடலிலேயே வைக்கலாம். சதுஸ்ர நடையில் மூன்று மாத்திரை 562.5, இதற்கு நீண்ட டிலே வேண்டும். ஆதி தாளத்தில் ஒரு சின்ன ஸ்வரக் கோர்வையை 250இல் வைத்து வாசித்துப் பாருங்கள், எதிரொலி ஒரு பக்கவாத்தியம்போல் உங்களுக்குப் பதில் சொல்லும். ஃபீட்பேக்கைக் கால்வாசிக்கு மேல் ஏற்றாதீர்கள்; கமகம் உள்ள ஸ்வரம் மேலும் மேலும் அடுக்கினால் ராகம் கலங்கிவிடும்.

கமகம் என்றதும் ஒன்று. கிட்டாரில் கர்நாடக இசை பழகுபவர்களுக்குக் பெரிய ஒலியைக் குறைத்துச் சிறிய ஒலியை உயர்த்தும் கம்ப்ரஸர் பெடலே முதல் நண்பன். இழுத்த கம்பியின் ஒலி தேய்வதற்குள் அசைவு முடியாது. கம்ப்ரஸர் அந்த வாலைத் தாங்கிப் பிடிக்கும். எம்எக்ஸ்ஆர் டைனா காம்ப் வகை ஒன்றை ஓவர்டிரைவுக்கு முன் இளக்கமாகப் போடுங்கள். எலெக்ட்ரிக் வயலினோ பியசோ பிக்கப் ஒட்டிய வீணையோ வைத்திருப்பவரும் இதே வழியில் போகலாம். பியசோவுக்கு மட்டும் இன்டர்ஃபேஸுக்கு முன்னால் சிக்னலை முன்கூட்டியே பெருக்கித் தரும் ஒரு பிரீஆம்ப் இருந்தால் நல்லது. 1 மெகா ஓம் அதற்குச் சில சமயம் போதாது, ஒலி மெலிந்துவிடும்.

வரிசை

ஃபஸ் அல்லது வா-வா (wah) பெடல், கம்ப்ரஸர், ஓவர்டிரைவ், ஃபேஸர் அல்லது கோரஸ், டிலே, ஆம்ப், கேப். டிலேயை ஆம்புக்குப் பின்னால் போட்டால் எதிரொலி தெளிவாகும். முன்னால் போட்டால் எதிரொலியும் சேர்ந்து உடைந்து பழைய ரெக்கார்டு வாசனை வரும். மாற்றிப் பாருங்கள், கணினியில் இழுத்து வைத்தால் போதுமே.

பதிவு செய்யும்போது

டிராக்கில் பதிவாவது எஃபெக்ட் இல்லாத வெறும் கிட்டார். அதனால் வாசித்து முடித்த பிறகும் பெடலை மாற்றலாம். ஆனால் வாசிக்கும்போது எந்த ஒலியைக் கேட்டு வாசித்தீர்களோ அதற்கு ஏற்றபடிதான் விரல் நடந்திருக்கும். ஃபஸ் கேட்டு வாசித்ததைத் தெளிவான ஒலிக்கு மாற்றினால் பொருந்தாது. ஆகவே ஒலியை முதலில் முடிவு செய்துகொண்டு பதிவை அழுத்துங்கள்.

முடிந்ததும் இரண்டு வேவ் கோப்பு எடுத்து வையுங்கள்: எஃபெக்ட் இல்லாதது ஒன்று, எஃபெக்டோடு ஒன்று. விண்டோஸோ மேக்கோ புதிய பதிப்புக்கு மாறும்போது பழைய பிளக்இன் திறக்காமல் போவது நடக்கிற விஷயம். காசு கொடுத்து வாங்கியதில் உரிமம் எத்தனை கணினிக்குச் செல்லும் என்ற வரம்பும் உண்டு. லேப்டாப்பை விற்கும் முன் அந்த உரிமத்தை விடுவித்துவிடுங்கள். கோப்பின் பெயரிலேயே காலப்பிரமாணம், பெடல், நாப் நிலைகளை எழுதிவிட்டால் ஆறு மாதம் கழித்து அதே ஒலி வேண்டும்போது தேட வேண்டியிருக்காது.